கடற்கரை வீட்டில் மைனிங்: கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்குகள்

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்தால் உள்ளே ஒரு ஆர்.எக்ஸ். 580 கார்டு. "எட்டு மாசந்தாண்ணே ஓடுச்சு. இப்ப டிஸ்ப்ளேயே வரலண்ணே" என்றான். திருகுகளைச் சுற்றி, தேய்க்காமல் விட்ட குத்துவிளக்கில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. எச்.டி.எம்.ஐ. துளைக்குள் டார்ச் அடித்தேன், வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஃபேனை விரலால் சுண்டினால் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. எங்கே வைத்து ஓட்டினாய் என்று கேட்டேன். கார்டு சூடாகிறதே என்று, கடல் காற்று நேரே அடிக்கிற ஜன்னலோரம் வைத்திருக்கிறான்.

யூடியூப் வீடியோ பார்த்து மைனிங்குக்கு வாங்கிய கார்டு அது. மைனிங் என்றால் கம்ப்யூட்டரை ராப்பகலாகக் கணக்குப் போடவைத்து, கூலியாக கிரிப்டோ காயின் வாங்குகிற வேலை. வீடியோவில் சொன்ன ஹாஷ்ரேட் (நொடிக்கு எத்தனை கணக்குப் போடும் என்ற வேகம்) எல்லாம் சரிதான். உப்புக்காற்றையும் நம்ம ஈ.பி. பில்லையும் அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்?

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஆள் வருவார்கள். மைனிங்குக்குக் கார்டு கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: "மைனிங்கை நிறுத்தின மறுநாள் இந்தக் கார்டை வச்சு என்ன பண்ணுவீங்க?" அதற்குப் பதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

முதல் படி: ஈ.பி. அட்டையை எடுங்கள்

கார்டு விலையைப் பார்க்கும் முன்னால் வீட்டு மின் அட்டையைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது?

நம் ஊர் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும்.  2022 செப்டம்பரில் மாற்றியபோது முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 என்று வைத்தார்கள். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், அந்த யூனிட்டுகளுக்கும் 4.50. அதற்கு மேல் 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதையும் தாண்டினால் 11. அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. நான் இங்கே அந்தப் பழைய விலையிலேயே கணக்குப் போடுகிறேன். நீங்கள் கையிலிருக்கும் பில்லை வைத்துப் போடுங்கள்.

ஒரு கார்டு 120 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். மதர்போர்டு, பிராசஸர், எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி) தின்கிற நஷ்டம் எல்லாம் சேர்த்தால் சுவர் பிளக்கில் 200 வாட் வந்துவிடும். 24 மணி நேரத்துக்கு 4.8 யூனிட், 60 நாளைக்கு 288 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 420 யூனிட் ஓடினால் பில் 1,245 ரூபாய் வந்திருக்கும். இப்போது மொத்தம் 708 யூனிட், பில் 3,722 ரூபாய். கூடுதலாக 2,477 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 8.60, ஒரு நாளைக்கு 41 ரூபாய்.

இந்த 41 ரூபாய்க்கு மேல் ஒரு கார்டு தினமும் காயின் எடுத்துத் தந்தால்தான் லாபம் என்ற பேச்சே ஆரம்பிக்கும். மே மாதம் அந்த அறைக்கு ஏ.சி. போட்டால் அது தனிக் கணக்கு.

ஆறு கார்டைச் சேர்த்து ஒரே மெஷினாக, அதாவது ரிக், போடுகிறவர்களுக்கு இன்னொன்று. வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும், அபராதம் இரண்டு மடங்குக் கட்டணம். தனி கமர்ஷியல் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

"கமுதியில 648 மெகாவாட்டுக்கு சோலார் போட்ருக்கான், நம்ம மாவட்டத்துக்குக் கரண்டு சும்மா குடுக்கலாம்ல?" என்று ஒரு பெரியவர் கடையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு கிலோவாட் பேனல் போட்டால் வெயில் நாளில் சுமார் 4 யூனிட் வரும், மேலே சொன்ன ஒற்றைக் கார்டு மெஷினுக்கே பத்தாது. பேனல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு பில் குறையட்டும்.

இரண்டாம் படி: எந்தக் காயின், எவ்வளவு வரி

பிட்காயினை கிராபிக்ஸ் கார்டில் எடுத்த காலம் 2013-லேயே முடிந்துவிட்டது. அதற்கென்றே செய்த ஏசிக் மெஷின்கள் வந்துவிட்டன. கார்டுகளுக்குச் சோறு போட்டது எத்தீரியம். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அது மைனிங்கையே நிறுத்திவிட்டு காயினைப் பணயமாகப் பூட்டி வைக்கிற ஸ்டேக்கிங் முறைக்கு மாறியது. அத்தனை கார்டுகளும் மிச்சமிருந்த சின்னக் காயின்கள் மேல் விழுந்தன. பத்துப் பேர் சாப்பிட்ட பந்தியில் ஆயிரம் பேர் உட்கார்ந்த கதைதான்.

இப்போது கார்டில் எடுக்க முடிவது எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின், எர்கோ மாதிரியானவை. மொனீரோ வேண்டுமென்றால் அது பிராசஸர் வேலை, கார்டு தேவையில்லை. வாட்டூமைன் மாதிரிக் கணக்கிடும் தளங்களில் கார்டு பெயரையும் உங்கள் யூனிட் விலையையும் போட்டால் அன்றைய வரவு தெரியும். அங்கே யூனிட் விலை டாலரில் 0.10 என்று தானாகவே நிரம்பியிருக்கும், அதை மாற்றாமல் பார்த்துவிட்டு லாபம் என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

வரியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற வரவுக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். மைனிங்குக்குச் செய்த செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. 1,000 ரூபாய்க்கு காயின் விற்றீர்கள், அதற்குக் கரண்டு 700 ரூபாய் என்றால், வரி 300 ரூபாய்க்கு இல்லை, 1,000 ரூபாய்க்கு. 312 ரூபாய் போக, கைநட்டம் 12 ரூபாய். விற்கும்போது பிடிக்கிற 1 சதவீத டி.டி.எஸ்.ஸை ரிட்டர்ன் போடும்போது சரிசெய்துகொள்ளலாம். ஆடிட்டரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால் கீழே படியுங்கள். ஆசை தப்பில்லை. நானும் ஒரு மெஷின் ஓட்டியவன்தான்.

மூன்றாம் படி: பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது

கேம் ஆடுகிறவர்கள் பார்க்கிற எண் வேறு, நாம் பார்க்க வேண்டிய எண் வேறு. எத்தீரியம் கிளாசிக் மாதிரிக் காயின்களில் கார்டின் வேகத்தை முடிவு செய்வது மெமரி பேண்ட்வித், அதாவது மெமரியிலிருந்து நொடிக்கு எத்தனை ஜி.பி. படிக்க முடியும் என்ற எண். காரணம் சுலபம். ஒவ்வொரு ஹாஷுக்கும் (ஒரு தடவை போடும் கணக்கு) கார்டு தன் மெமரியிலிருக்கும் 'டாக்' என்ற பெரிய கோப்பிலிருந்து 128 பைட் துண்டுகளை 64 தடவை எடுத்துப் படிக்கிறது. மொத்தம் 8,192 பைட். ஆகவே நொடிக்கு எத்தனை ஜி.பி. படிக்க முடியுமோ அதை 8,192-ஆல் வகுத்தால் ஹாஷ்ரேட்டின் அளவு கைக்கு வந்துவிடும். கடைக்காரர் சொல்வதை நம்பிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஆர்.டி.எக்ஸ். 3070-க்கு பேண்ட்வித் 448 ஜி.பி. வகுத்தால் சுமார் 55 மெகாஹாஷ், அதாவது நொடிக்கு ஐந்தரைக் கோடி ஹாஷ். மெமரியைக் கொஞ்சம் ஏற்றினால் 60. இப்போது 3060 டி.ஐ.யைப் பாருங்கள், அதற்கும் அதே 448, அதே 60. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் 3070, இந்த வேலையில் ஒரு மெகாஹாஷ் கூடத் தராது. 2021-இல் கார்டு விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தபோது இது தெரியாமல் 3070 வாங்கி ஓட்டியவன் நான். வகுத்தல் கணக்கு ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான், போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

இதே கணக்கில் ஆர்.எக்ஸ். 6600 எக்ஸ்.டி.க்கு 256 ஜி.பி., சுமார் 31. பழைய ஆர்.எக்ஸ். 580-க்கும் அதே 256, அதே 30 சொச்சம்தான், ஆனால் கரண்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு தின்னும். புதிதாக வந்தது வேகமாகத்தான் இருக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். ஆர்.டி.எக்ஸ். 4060-இன் பேண்ட்வித் 272, அதற்கு முந்தைய 3060 12 ஜி.பி. கார்டுக்கு 360. கேமில் முந்துவது 4060, இந்த வேலையில் முந்துவது 3060.

3060 வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அதே பெயரில் 8 ஜி.பி. கார்டு ஒன்றும் 2022 கடைசியில் வந்தது. அதற்கு பேண்ட்வித் 240 மட்டும். பெட்டியில் 12 ஜி.பி. என்று இருக்கிறதா, பார்த்து வாங்குங்கள்.

ரேவன்காயினுக்கு இந்த வகுத்தல் கணக்கு ஒத்துவராது. அது மெமரியோடு, கணக்குப் போடும் சிப்பையும் (கோர்) சேர்த்துப் பிழியும். சூடும் கரண்டும் கூடும். வெயில் ஊரில் எனக்கு அது பிடிப்பதில்லை.

அடுத்து மெமரி அளவு. அந்த டாக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். 2020 டிசம்பரில் எத்தீரியத்தின் டாக் 4 ஜி.பி.யைத் தாண்டியதும், உலகமெங்கும் 4 ஜி.பி. கார்டுகள் அதற்கு உதவாமல் போயின. 8 ஜி.பி.க்குக் கீழே தொடாதீர்கள்.

டிஸ்ப்ளே துளையே இல்லாத மைனிங் கார்டுகளும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பி106, சி.எம்.பி. என்ற பெயர்களில். மைனிங் நின்ற நாளில் அவை கதவுக்கு முட்டுக் கொடுக்க ஆகும். அதுவே 12 ஜி.பி. 3060 என்றால் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவரிடம் விற்கலாம், ஏ.ஐ. படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம், கேம் ஆடலாம். நான் ஒரே ஒரு கார்டு சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். மறுவிற்பனை யோசனை இல்லாமல் வாட்டுக்கு எவ்வளவு ஹாஷ் என்று மட்டும் பார்த்தால் 3060 டி.ஐ. தேறும், சரியாக அமைத்தால் 120 வாட்டில் 60 மெகாஹாஷ்.

3080? அதில் இருப்பது ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ். மெமரி. கொதிக்கும். 110 டிகிரி தொட்டதும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நம் ஊர் ஓட்டு வீட்டுக்குள் அதை 110-க்குக் கீழே வைத்திருக்க நான் பட்ட பாடு போதும். ஜி.டி.டி.ஆர்.6 போதும் நமக்கு.

நான்காம் படி: உப்பு

1914-இல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தும், 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவதை நிறுத்த வேண்டி வந்தது. இரும்புக்கே அந்தக் கதி. கார்டில் இருப்பது முடியளவு செம்புக் கோடுகள்.

உப்பு எப்படிக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கடல் காற்றில் வருகிற பொடி உப்பு கார்டில் படிகிறது. காய்ந்திருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நசநசவென்று ஆகிறதே, அதேதான். நம் கரையில் இரவானால் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். உப்புத் தண்ணீர், அதன் மேல் மின்சாரம். களிம்பு பிடிக்க வேறென்ன வேண்டும்?

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற கார்டு சூடாக இருப்பதால் ஈரம் அவ்வளவாக ஒட்டாது. அதிகம் கெடுவது நிறுத்தி வைத்த கார்டுதான். விலை ஏறட்டும் என்று இரண்டு மாதம் அணைத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போட்டால் பொசுக்கென்று போய்விடும். நிறுத்துவதாக இருந்தால் கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கரண்டு போய் ராத்திரி முழுக்க மெஷின் குளிர்ந்து கிடந்தாலும் கரண்டு வந்ததும் தானாக ஓடும்படி வைக்காதீர்கள். கதவு ஜன்னலை மூடி அறையைக் கொஞ்சம் உலரவிட்டுப் பிறகு போடுங்கள்.

இடம் எங்கே? கடல் பார்க்காத பக்கம். வடகடல் ஓரத்து வீடென்றால் ஐப்பசி முதல் தை வரை வாடை அடிக்கும், வடக்கு ஜன்னலை மூடுங்கள். தென்கடல் பக்கத்தவர்களுக்கு ஆனி ஆடியில் தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று அதே வேலையைச் செய்யும். அறைக்குள் காற்று வரும் வழியில் ஏ.சி. ஃபில்டர் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் துணியை நாக்கில் வைத்துப் பாருங்கள், நான் சொன்னது விளங்கும்.

கார்டு வாங்கும்போதும் இதை யோசிக்க வேண்டும். ஃபேன் பால்-பேரிங் வகையா என்று கேளுங்கள், ஸ்லீவ் வகை இந்தக் காற்றில் சீக்கிரம் கரகரக்கும். பின்பக்கம் உலோகத் தகடு இருப்பது நல்லது. கழற்றித் துடைக்கச் சுலபமான, சாதாரணத் திருகு போட்ட இரண்டு ஃபேன் கார்டு போதும். பளபள விளக்கு, பிளாஸ்டிக் அலங்காரம் எல்லாம் உப்பு தங்குகிற பொந்துகள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் வைத்து, மதர்போர்டில் செருகும் தங்கக் கால்களையும் துளைகளையும் துடையுங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அடித்துக்கொண்டு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அடித்தால் தூசியும் உப்பும் பசை போட்ட மாதிரி ஒட்டும்.

ஐந்தாம் படி: பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு

பெரும்பாலும் பழைய கார்டுதான் வாங்குவோம். சென்னை ரிச்சி தெருவோ, கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர் கொண்டுவந்ததோ, முன்னால் போட்டு ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் கண்ணால். பிராக்கெட் திருகு, எச்.டி.எம்.ஐ. துளை, தங்கக் கால்கள், இந்த மூன்றிலும் டார்ச் அடித்துப் பச்சை தெரிகிறதா பாருங்கள். கடலோரத்தில் ஓடிய கார்டு இங்கேதான் காட்டிக்கொடுக்கும். திருகுத் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். தகட்டு ஓரம் எண்ணெய் கசிந்த மாதிரி இருந்தால் உள்ளே சூடு கடத்தும் தெர்மல் பேட் எண்ணெய் விட்டிருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

பிறகு கார்டின் விவரம் காட்டும் ஜி.பி.யூ.-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். ஆர்.எக்ஸ். 580 என்றால் ஷேடர் எண்ணிக்கை 2,304 காட்ட வேண்டும். 2,048 காட்டினால் அது 580 பெயர் ஒட்டிய 570. பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் புரோகிராம்) மாற்றி எழுதிய கார்டுகளும் நிறைய. அதன் பிறகு, கார்டை முழு மூச்சில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் இருபது நிமிஷம். டீ குடிக்கப் போய்விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். திரையில் புள்ளி புள்ளியாகத் தெறித்தால் மெமரி போய்விட்டது, எழுந்து வந்துவிடுங்கள்.

"எல்.எச்.ஆர். இல்லாத கார்டு சார்" என்று கூடுதல் காசு கேட்பார்கள். 2021-இல் என்விடியா எத்தீரியம் வேகத்தைப் பாதியாகக் குறைக்கப் போட்ட பூட்டு அது. எத்தீரியம் மைனிங்கே நின்றுவிட்டதால் இன்றைக்கு அதற்குத் தனி விலை கொடுக்க அவசியமே இல்லை.

ஆறாம் படி: எஸ்.எம்.பி.எஸ்., ரைசர், எர்த்

இதில் கஞ்சத்தனம் பண்ணினால் தீப்பிடிக்கும், மிகைப்படுத்தவில்லை. கார்டு ஸ்லாட் வழியாக 75 வாட் வரை இழுக்கலாம், 6 பின் கேபிளில் 75, 8 பின்னில் 150. கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசருக்கு, ஹார்டு டிஸ்குக்கான சாட்டா கேபிள் கொடுத்து ஓட்டுவார்கள். சாட்டா முனையின் தாங்குதிறன் 54 வாட். 75 இழுக்கிற இடத்தில் 54 தாங்குவதைச் செருகினால் முனை கருகி உருகுகிறது. மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வரும். 6 பின் உள்ள ரைசர் வாங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ். 80 பிளஸ் கோல்டு தரச் சான்று உள்ளதாக, மொத்த இழுவைக்கு மேல் கால் பங்கு கூடுதல். எர்த் கம்பியை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள், உப்பு மண்ணில் அதுவும் அரித்துப் போயிருக்கும்.

ஏழாம் படி: ஓட்டும் முன் அடக்குங்கள்

வாங்கிய அப்படியே ஓட்டினால் 3060 டி.ஐ. 200 வாட் வரை இழுக்கும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டைப் படிப்படியாக இறக்கி, கோர் வேகத்தைக் குறைத்து, மெமரி வேகத்தை 50 50 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் விட்டு, கார்டு அனுப்புகிற விடை (ஷேர்) தப்பென்று நிராகரிக்கப்பட்டு வருகிறதா பாருங்கள். வந்தால் ஒரு படி இறங்குங்கள். கோர் சூடு 65-ஐ ஒட்டி, ஃபேன் 70 சதவீதத்துக்குள். ஃபேனை நூறில் ஓட்டினால் ஆறே மாதத்தில் கரகரக்கும், உப்பையும் அதிகமாக உள்ளே இழுக்கும்.

சாஃப்ட்வேர் காட்டுகிற வாட்டை நம்பாதீர்கள். சில நூறு ரூபாய்க்குப் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைக்கும். அதில் தெரிகிற எண்தான் ஈ.பி. காரர் எழுதுகிற எண்.

அந்த மண்டபத்துத் தம்பியின் கார்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு நாள் ஆல்கஹாலில் ஊறவைத்துத் துடைத்து, அரித்துப் போயிருந்த ஒரு கோட்டுக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்து, ஃபேன் இரண்டையும் மாற்றினேன். டிஸ்ப்ளே வந்தது. மறுபடியும் மைனிங் போடவா என்றான். ஈ.பி. பில்லை எடுத்துட்டு வாடா என்றேன். அடுத்த நாள் கொண்டுவந்தான், 910 யூனிட். இப்போது அந்தக் கார்டு அவன் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் ஃபோட்டோஷாப் வேலைக்கு ஓடுகிறது, தெரு பார்த்த அறையில், கடலுக்கு முதுகு காட்டி.